தவளை, பல்லி, பாம்பு, ஆமை: காக்க நினைப்பவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

தவளைகள் அழிகின்றன, ஆமைகள் குறைகின்றன என்று எங்கோ படித்துவிட்டு, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கிளம்புபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். பாம்பு பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போவார்கள், இல்லையென்றால் வற்றிக்கொண்டிருக்கும் குட்டையிலிருந்து தலைப்பிரட்டைகளை வாளியில் அள்ளிக்கொண்டு வந்து வளர்ப்பார்கள். நல்ல மனதோடு செய்வதுதான் இரண்டும், ஆனால் தொடங்க வேண்டிய இடம் அது இல்லை. புதிதாக வருபவர் முதலில் செய்ய வேண்டியது கணக்கு வைப்பது. ஒரே இடத்துக்கு, ஒரே முறையில், திரும்பத் திரும்பப் போய், பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வைப்பது. கேட்கும்போது சப்பென்று இருக்கும். ஆனால் இந்தத் துறையில் பெரிய பற்றாக்குறையே அதில்தான் இருக்கிறது.

நிலைமை எவ்வளவு மோசம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டில் 8,011 இருவாழ்வி இனங்களை, அதாவது தவளை, தேரை, சலமாண்டர் போன்றவற்றை, ஆராய்ந்தார்கள். அவற்றில் 41 சதவீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. முதுகெலும்புள்ள உயிர்களிலேயே இதுதான் மிக மோசமான கணக்கு. பல்லி போன்ற உருவமும் வாலும் கொண்ட சலமாண்டர்களை மட்டும் எடுத்தால் ஐந்தில் மூன்று இனம். ஊர்வனவற்றுக்கு 2022இல் நடந்த மதிப்பீட்டில் 10,196 இனங்களில் 21 சதவீதம், அதிலும் முதலைகளில் பாதியும் ஆமைகளில் பாதிக்கு மேலும். இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை: இருவாழ்விகளில் பத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட இனத்துக்கு, ஆபத்தில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே போதுமான தகவல் இல்லை.

கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு கோஸ்டா ரிகா நாட்டின் மான்டேவெர்டே மலைக்காட்டில் வாழ்ந்த பொன்னிறத் தேரையைப் பார்க்கலாம். ஆண் தேரை பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். வருடத்தில் சில நாட்கள் மட்டும் மழைநீர் தேங்கும் சின்னச் சின்னக் குழிகளில் கூட்டமாகக் கூடி முட்டையிட்டுவிட்டு, மற்ற நாட்களில் கண்ணிலேயே படாது. 1987இல் 1,500க்கு மேல் எண்ணினார்கள். அடுத்த வருடம் மொத்தமே ஏறத்தாழ பத்து. 1989 மே மாதம் ஒரே ஒரு ஆண். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அதே 1989இல் உலகெங்கிலுமிருந்து இங்கிலாந்தில் கூடிய ஆய்வாளர்கள், எங்கள் பக்கமும் தவளை காணோம் என்று ஒருவருக்கொருவர் சொன்னபோதுதான் இது ஒரு காட்டின் பிரச்சினை மட்டும் இல்லை என்று உறைத்தது.

ஆனால் அதற்கு எதிர்க்கேள்வியும் எழுந்தது, அது நியாயமான கேள்வி. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு குட்டையைச் சுற்றி வேலி கட்டி, உள்ளே வந்த, வெளியே போன ஒவ்வொரு இருவாழ்வியையும் பல வருடம் எண்ணினார்கள். 1991இல் அந்த முடிவு வெளிவந்தது. யாரும் கெடுக்காத குட்டையிலேயே எண்ணிக்கை தாறுமாறாக ஏறி இறங்கியிருந்தது. மழை பொய்த்த வருடத்தில் குஞ்சே வெளியே வரவில்லை, நல்ல மழை பெய்த வருடத்தில் வெள்ளம்போல வந்தது. அப்படியானால் இரண்டு வருடக் கணக்கை வைத்துக்கொண்டு தவளை குறைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? முடியாது. நீண்ட காலக் கணக்கு கையில் இல்லாததால்தான் உண்மையான சரிவையும் சாதாரண ஏற்ற இறக்கத்தையும் பிரித்துப் பார்க்க அவ்வளவு காலம் பிடித்தது. அந்த ஓட்டையை அடைக்கப் பட்டம் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: ஒரே ஒரு இடம்

அழகான காடு எங்கோ தூரத்தில் இருக்கும், அங்கே போக ஆசையாகவும் இருக்கும். அதை விட்டுவிடுங்கள். நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு குட்டை, வாய்க்கால், சதுப்பு, வயல் ஓரம், பூங்காவின் குளம், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மழை பெய்தாலும் உடம்பு அசதியாக இருந்தாலும் உங்களால் போய்வர முடிகிற இடம்தான் உங்களுக்கான இடம். யாருடைய நிலம் என்று விசாரித்து அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் டார்ச்சோடு நிற்கப் போகிறீர்கள், பக்கத்தில் இருப்பவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரிந்திருப்பது நல்லது. தனியாகப் போகாதீர்கள்.

படி 2: காதால் எண்ணுங்கள்

தவளையைக் கண்ணால் தேடுவதைவிடக் காதால் கண்டுபிடிப்பது எளிது. கத்துவது பெரும்பாலும் ஆண்தான், ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குரல். சூரியன் மறைந்து அரைமணி நேரம் கழித்துப் போய், குட்டையின் ஓரத்தில் ஒரு இடத்தில் நில்லுங்கள். நீங்கள் நடந்து வந்த அதிர்வில் எல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கும். டார்ச்சை அணைத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் இருந்தால் முதலில் ஒன்று, தயங்கித் தயங்கி இன்னொன்று என்று மறுபடி ஆரம்பிக்கும். அப்போதிலிருந்து சரியாக 5 நிமிடம் கேளுங்கள். செல்போனில் ஒலிப்பதிவு ஓடட்டும், ஏனென்றால் இன்று உங்களுக்கு அடையாளம் தெரியாத குரல் ஆறு மாதம் கழித்துத் தெரியும், அல்லது தெரிந்த ஒருவரிடம் போட்டுக் காட்டலாம்.

எத்தனை கத்துகிறது என்று துல்லியமாக எண்ண முடியாது, முயற்சி செய்யவும் வேண்டாம். வட அமெரிக்காவில் தன்னார்வலர்கள் பல வருடங்களாகப் பயன்படுத்திய எளிய அளவு ஒன்று இருக்கிறது. எந்தக் குரலும் இல்லையென்றால் 0. தனித்தனியாகக் கேட்கிறது, குரல்களுக்கு இடையே இடைவெளி இருக்கிறது, எண்ணிவிடலாம் என்றால் 1. ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது, ஆனாலும் பிரித்தறிய முடிகிறது என்றால் 2. இடைவெளியே இல்லாமல் ஒரே இரைச்சல் என்றால் 3. ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியாக இந்த எண்ணைப் போடுங்கள். குரல் தெரியாத இனத்துக்கு நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள், "டிக்டிக்", "பெரிய ஏப்பம்" என்று எப்படி வேண்டுமானாலும், ஆனால் அந்தப் பெயரை வழியில் மாற்றக் கூடாது.

கூடவே தேதி, நேரம், வெப்பநிலை, காற்று, கடைசியாக எப்போது மழை பெய்தது, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை எழுதுங்கள். குளிர்ந்த இரவில் கத்தாத தவளை அடுத்த வாரம் வெப்பமான இரவில் அதே இடத்தில் கத்தும், இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அந்த வித்தியாசத்தைத் தவறாகப் படித்துவிடுவோம். அப்புறம், ஒன்றுமே கேட்காத இரவையும் எழுதுங்கள். புதியவர்கள் எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான். போய்க் கேட்டேன், 0 என்பது ஒரு தகவல். போகவே இல்லை என்பது வெற்றிடம். நோட்டில் இரண்டும் ஒரே மாதிரி காலியாகக் கிடந்தால் பின்னால் யாராலும் பிரிக்க முடியாது.

படி 3: காலணியைக் கழுவுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். கைட்ரிட் என்ற பூஞ்சைதான் இருவாழ்விகளுக்கு இதுவரை வந்த நோய்களிலேயே கொடியது. 1998இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள், அதற்கு முன்பே பல இனங்களைக் கொன்று முடித்திருந்தது. 2019இல் வெளியான கணக்கின்படி குறைந்தது 501 இனங்கள் இதனால் சரிந்திருக்கின்றன, அதில் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஒரே கிருமி இத்தனை இனங்களைச் சாய்த்த வேறு கதை நமக்குத் தெரிந்து இல்லை.

அது கொல்லும் விதத்தைத் தெரிந்துகொண்டால் கழுவும்போது அலுப்பு வராது. தவளைக்குத் தோல் வெறும் போர்வை இல்லை. அது தண்ணீர் குடிப்பது தோலால், மூச்சில் ஒரு பங்கும் உப்புச் சமநிலையும் தோலின் வழியாகத்தான். பூஞ்சை அந்தத் தோலின் கெரட்டின் என்ற புரதத்தில் குடியேறுகிறது. தோல் தடிக்கிறது, ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் இறங்குகின்றன, கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. தலைப்பிரட்டைக்கு வாய்ப்பகுதியில் மட்டும்தான் கெரட்டின் இருக்கிறது, அதனால் நோயைச் சுமந்துகொண்டே அது பெரிதாகச் சாகாமல் நீந்திக்கொண்டிருக்கும், உருமாறி உடம்பெல்லாம் தோல் மாறிய பிறகு செத்துவிழும். பூஞ்சையின் வித்துகள் தண்ணீரில் நீந்தக்கூடியவை. ஒரு குட்டையின் ஈரச் சேறு உங்கள் பூட்ஸில் ஒட்டிக்கொண்டு அடுத்த குட்டைக்குப் போனால் போதும்.

ஆகவே, ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். முதலில் பிரஷ் போட்டுச் சேற்றை முழுக்கத் தேய்த்து எடுங்கள். சேறு இருந்தால் ப்ளீச் வேலை செய்யாது, பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிறகு வீட்டில் பயன்படுத்தும் ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, காலணி, வலை, வாளி எல்லாவற்றையும் 10 நிமிடம் நனைய விடுங்கள். நல்ல தண்ணீரில் அலசுங்கள், ஆனால் அலசிய தண்ணீரைக் குட்டைப் பக்கம் ஊற்றாதீர்கள், ப்ளீச்சும் தவளைக்கு விஷம்தான். கடைசியாக, சொட்டு ஈரம்கூட இல்லாமல் வெயிலில் காயட்டும். பூஞ்சைக்கு வறட்சி ஆகாது. இதெல்லாம் முடியாதென்றால் ஒரு நாளில் ஒரே நீர்நிலை என்று வைத்துக்கொண்டு, நன்றாகக் காய்ந்த காலணியோடு மட்டும் போங்கள்.

படி 4: ஊர்வனவற்றுக்குப் பகல், பொறுமை, தூரம்

பல்லி, ஓணான், அரணை, பாம்பு இவையெல்லாம் பெரும்பாலும் தவளையைப் போலக் கத்திக் காட்டிக்கொடுக்காது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். காலையில் வெயில் ஏறும் நேரம்தான் தோது, உடம்பைச் சூடாக்க வெளியே வரும். ஒரே பாதையை முடிவு செய்துகொண்டு, ஒரே வேகத்தில் மெதுவாக நடந்து, எதை எங்கே பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். கல்லையோ மரக்கட்டையையோ புரட்டிப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு கொக்கிக் கம்பால் மறுபக்க ஓரத்தைப் பிடித்து உங்களை நோக்கித் தூக்குங்கள், அப்போதுதான் உள்ளே இருப்பது உங்கள் காலை நோக்கி வராமல் எதிர்ப்பக்கம் ஓடும். பார்த்து முடித்ததும், இருந்தபடியே திரும்ப வையுங்கள். அந்தக் கல்லுக்கு அடியில் இருக்கும் ஈரமும் சூடும் பல வருடத்தில் அமைந்தவை, ஏனோதானோவென்று போட்டுவிட்டுப் போனால் அது வீடாக இருக்காது. முட்டை கண்ணில் பட்டால் தொடாதீர்கள். பறவை முட்டையைப் போல ஊர்வனவற்றின் முட்டையைப் புரட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. உள்ளே கரு ஓட்டின் மேல்பக்கத்தோடு ஒட்டியிருக்கும், திரும்பினால் செத்துவிடலாம்.

பழைய கணக்கின் அருமை புரிய மெக்சிகோவின் முள்பல்லிகளைப் பாருங்கள். 1975க்கும் 1995க்கும் இடையே பல்லி இருப்பதாகப் பதிவான 200 இடங்களுக்கு ஆய்வாளர்கள் மறுபடியும் போனார்கள். 12 சதவீத இடங்களில் பல்லியே இல்லை. காடு அப்படியேதான் இருந்தது, மாறியது வெப்பம். இனப்பெருக்கக் காலத்தில் பகல் சூடு தாங்காமல் பல்லிகள் நிழலுக்குள் பதுங்கியே கிடந்ததால் இரை தேட நேரம் போதவில்லை. 2010இல் அது வெளியானபோது பெரிய செய்தி, ஆனால் முன்பு யாரோ போய் "இங்கே இந்தப் பல்லி உண்டு" என்று எழுதி வைத்ததால்தான் அந்தச் செய்தியே கிடைத்தது.

பாம்பைப் பற்றி ஒரே வார்த்தை: கையால் தொடாதீர்கள். உலகில் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியில் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாம்பைப் பார்த்தால் பின்னால் நகருங்கள், தூரத்திலிருந்து படம் எடுங்கள், போகட்டும். யாரையாவது கடித்துவிட்டால் வெட்டுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், கடிபட்ட கை காலை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

படி 5: தூக்கிக்கொண்டு போகாதீர்கள்

வற்றும் குட்டையில் துடிக்கும் தலைப்பிரட்டைகளைப் பார்த்தால் மனசு கேட்காதுதான். ஆனால் தற்காலிகக் குட்டையில் முட்டையிடும் பல இனங்கள் தண்ணீர் குறையக் குறைய வேகமாக உருமாறக்கூடியவை, பல சாகும், சில தப்பிக்கும், அடுத்த நல்ல மழையில் ஈடுகட்டும். நீங்கள் அள்ளிக்கொண்டு போய் வேறு குளத்தில் விட்டால் நோயையும் சேர்த்து விடுகிறீர்கள். வளர்த்துக் காப்பாற்றுவது வேறொரு வேலை. தான்சானியாவில் கிஹான்சி என்ற அருவியின் சாரலில் மட்டுமே வாழ்ந்த சின்னஞ்சிறு தேரை ஒன்று உண்டு, முட்டை போடாமல் குட்டி போடும். 2000இல் அணை வந்து அருவியின் தண்ணீரைத் திருப்பியதும் சாரல் நின்றது. பிறகு நோயும் வந்தது. 2000இலேயே சில நூறு தேரைகளை அமெரிக்க உயிரியல் பூங்காக்களுக்கு எடுத்துப் போய் வளர்த்ததால்தான் இனம் பிழைத்தது. 2009இல் இயற்கையில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள், 2012இல் செயற்கைச் சாரல் அமைத்த அதே பள்ளத்தாக்கில் திரும்ப விட்டார்கள். இதற்குப் பின்னால் கால்நடை மருத்துவர்கள், நோய்ப் பரிசோதனை, வருடக்கணக்கான செலவு எல்லாம் இருந்தன. வீட்டுத் தொட்டியில் நடக்கிற காரியம் இல்லை.

ஆமைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. சாலையைக் கடக்கும் ஆமையைப் பார்த்தால், உங்களுக்கு ஆபத்து இல்லாத பட்சத்தில், ஓட்டின் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே சாலையின் மறுபக்கம் விடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, முதுகெலும்பு கெட்டுவிடும். நல்ல ஏரி ஒன்று இருக்கிறதே என்று வேறு எங்கும் கொண்டுபோகாதீர்கள், தன் இடத்தைத் தேடி மறுபடி சாலைகளைத் தாண்டும். பல ஆமை இனங்கள் பருவம் அடையவே பத்து, பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும், முட்டைகளிலும் குஞ்சுகளிலும் மிகச் சிலவே தேறும். அதனால் வருடத்துக்கு நான்கைந்து வளர்ந்த பெண் ஆமைகள் வண்டியில் அடிபட்டாலே ஒரு சின்னக் கூட்டம் மெல்ல மெல்லக் காலியாகிவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிபடுகிறது என்றால் இடத்தையும் தேதியையும் படத்தோடு பதிவு செய்யுங்கள். சாலைக்கு அடியில் சுரங்கவழி கேட்டு மனு கொடுக்கும்போது அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

படி 6: உங்கள் வாசலில்

இடம் இருந்தால் ஒரு சின்னக் குட்டை வெட்டுங்கள். ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும், ஏறி வர முடியாத நேர்ச்சுவர் தவளைக்கு மரணக் கிணறு. மீன் விடாதீர்கள். கொசுவுக்காக விடும் மீன்கூட முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்னும். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகளில் தூண்டில் விளையாட்டுக்காக டிரவுட் மீன்களை விட்டார்கள், அங்கிருந்த மஞ்சள்கால் தவளைகள் ஏரி ஏரியாக மறைந்தன. பிறகு சில ஏரிகளில் மீனை எடுத்துப் பார்த்தபோது தவளைகள் சில வருடங்களிலேயே திரும்பப் பெருகின. காரணத்தை நீக்கினால் திரும்பி வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை, இதை நினைத்தால் இன்றும் மனதுக்குத் தெம்பாக இருக்கிறது. தவளையை வேறெங்கிருந்தும் கொண்டுவந்து விட வேண்டாம், குட்டை நன்றாக இருந்தால் தானே வரும். காய்ந்த இலைகளைக் கூட்டி எரிக்காதீர்கள், பூச்சிக்கொல்லி தெளிக்காதீர்கள். திறந்த தொட்டிக்குள் ஒரு சாய்வுப் பலகை போட்டு வையுங்கள். கடற்கரை ஓரம் வசிப்பவர்கள் ஆமை முட்டை பொரிக்கும் பருவத்தில் கடல் பார்த்த விளக்குகளை அணையுங்கள், குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ஊருக்குள் வந்துவிடும்.

படி 7: வாங்காதீர்கள், விடாதீர்கள்

காட்டிலிருந்து பிடித்த ஆமையையோ பல்லியையோ விலைகொடுத்து வாங்கினால் அடுத்ததைப் பிடிக்கச் சொல்லி முன்பணம் கொடுத்த மாதிரிதான். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் அலுத்துப்போய் குளத்தில் விடாதீர்கள். சிவப்புக் காது ஆமை இப்படித்தான் உலகம் முழுக்கப் பரவி உள்ளூர் ஆமைகளின் வெயில் காயும் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டது.

படி 8: பகிருங்கள், ஆனால் இடத்தை மறையுங்கள்

சில மாதப் பதிவு சேர்ந்ததும் அதை வெளியே கொண்டுவாருங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் படத்தையும் ஒலியையும் ஏற்றினால் இனத்தை அடையாளம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2017இல் தொடங்கிய ஃப்ராக்ஐடி என்ற செயலி, பொதுமக்கள் செல்போனில் பிடித்த தவளைக் குரல்களை வைத்தே இனங்களின் பரவலை வரைகிறது. ஆனால் அரிய இனம், விலை போகும் இனம் என்றால் துல்லியமான இடத்தைக் காட்டாதீர்கள், செயலியிலேயே மறைக்கும் வசதி உண்டு. படத்தில் இடக்குறியீடு ஒட்டியிருக்கும், பொதுவெளியில் போடும்முன் நீக்கிவிடுங்கள். லாவோஸில் ஒரு நீர்ச் சலமாண்டரை 2002இல் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள், அந்த ஆய்வுக் கட்டுரையில் இருந்த இடவிவரத்தையே வழிகாட்டியாக வைத்து வியாபாரிகள் அங்கே போய்ப் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

ஒரே நேரத்தில் பல தவளைகள் செத்துக்கிடப்பதைப் பார்த்தால் காத்திருக்காதீர்கள். வெறும் கையால் தொடாமல் படம் எடுத்து, எண்ணிக்கையும் நேரமும் குறித்து, அன்றைக்கே வனவிலங்குத் துறைக்கோ பக்கத்துப் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கோ சொல்லுங்கள். செத்த தவளை வெயிலில் சீக்கிரம் அழுகிவிடும், அழுகிவிட்டால் எதனால் செத்தது என்று சோதிப்பது கடினம். பனாமாவின் ஒரு காட்டில் 2004இல் கைட்ரிட் நுழைந்து தவளைகளைத் துடைத்தபோது அங்கே ஏற்கெனவே ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் பாம்புகளையும் சேர்த்துப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் தவளை போன பிறகு பாம்பினங்களும் குறைந்தன, மிஞ்சிய பல பாம்புகள் மெலிந்திருந்தன என்பது 2020இல் தெரியவந்தது.

கடைசியாக, நோட்டின் முதல் பக்கத்தை நிரப்புங்கள். எங்கே நிற்கிறீர்கள், எந்தத் திசை பார்த்து, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், எந்த மாதங்களில், குரல்களுக்கு நீங்கள் வைத்த பெயர்கள் என்ன, எல்லாம். ஒரு நகலை ஆய்வாளர் ஒருவரிடமோ இயற்கை அமைப்பு ஒன்றிடமோ வருடத்துக்கு ஒருமுறை கொடுத்துவையுங்கள். நீங்கள் ஊர் மாறிப் போனாலும், அந்தப் பக்கத்தைப் படிக்கிற வேறு ஒருவர் அதே இடத்தில் நின்று அதே 5 நிமிடத்தைக் கேட்டுக் கணக்கைத் தொடர முடியும்.